பூட்டானுக்கு இந்தியாவோடு இத்தனை நெருக்கம் கட்டுப்படியாகிறதா?

வடமலை கேட்கிறார்:

இந்தியாவுக்கு என்ன லாபம் என்று பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் கேட்பது மறுபக்கம். ஏழரை லட்சம் சொச்சம் மக்கள் உள்ள நாடு தன் வியாபாரம், நாணயம், மின்சாரம் மூன்றையும் ஒரே பக்கத்து நாட்டோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. திம்புவில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் இது நல்ல ஏற்பாடா? தொடர்வதானால் எந்த இடத்தைத் திருத்த வேண்டும்? "பாரம்பரிய நட்பு" வகைப் பதில்கள் வேண்டாம். ஷரத்து, ரூபாய், யூனிட் கணக்கில் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி:

ஷரத்திலிருந்தே தொடங்குவோம். 1949 ஆகஸ்ட் 8, டார்ஜிலிங்கில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் 2-வது ஷரத்து: பூட்டானின் உள்நிர்வாகத்தில் இந்தியா தலையிடாது, வெளியுறவில் பூட்டான் இந்தியாவின் ஆலோசனைப்படி நடக்கும். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய், தேவன்கிரியில் 32 சதுர மைல் நிலம் திரும்பக் கிடைத்தது. 1910-ல் பிரிட்டிஷாரோடு போட்ட புனாகா ஒப்பந்தத்தின் வார்ப்புதான், ஆள் மட்டும் மாறினார்.

2007 பிப்ரவரி 8-ல் அது மாற்றி எழுதப்பட்டது. "ஆலோசனைப்படி" போய், தேச நலன் சார்ந்த விஷயங்களில் நெருங்கி ஒத்துழைப்பது என்று வந்தது. ஒருவர் மண்ணை மற்றவருக்கு எதிராகப் பயன்படுத்த விடக் கூடாது என்ற வரியும் சேர்ந்தது. பலர் கவனிக்காதது 4-வது ஷரத்து. ஆயுத இறக்குமதிக்கு இன்றும் இந்தியா 'திருப்தி' அடைய வேண்டும். 10-வது ஷரத்துப்படி இருவரும் சம்மதித்தால்தான் ஒப்பந்தத்தை மாற்றவோ முடிக்கவோ முடியும். ஆகவே "விட்டுவிடலாமா" என்பது காகிதத்திலேயே ஒருதலையாக முடியாத காரியம்.

ஆனால் பூட்டான் ஷரத்து மாறும்வரை கை கட்டி நிற்கவில்லை. 1971-ல் ஐ.நா. உறுப்பினர் ஆனது. 1979 ஹவானா அணிசேரா மாநாட்டில் கம்போடியா விஷயத்தில் இந்தியாவுக்கு மாறான நிலை எடுத்தது. வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் நான்கும் போட்ட மோட்டார் வாகன ஒப்பந்தத்தை 2016-ல் பூட்டானின் மேலவையான தேசிய கவுன்சில் நிராகரித்தது. 2020-ல் இந்தியப் பயணிகளுக்கும் ஒரு இரவுக்கு 1,200 நுல்ட்ரம் (பூட்டான் நாணயம்) கட்டணம் போட்டது. நடைமுறையில் முதலில் இடம் பிடிப்பது, பிறகு எழுத்தைத் திருத்தச் சொல்வது, இதுதான் அவர்கள் வழி.

கணக்கர்:

ஷரத்தை விட வட்டிதான் முக்கியம். பூட்டானில் இந்தியப் பணத்தில் வந்த நீர்மின் திட்டங்களின் வரிசையைப் பாருங்கள். சுக்கா (336 மெகாவாட்): 60 சதவீதம் மானியம், 40 சதவீதம் கடன், வட்டி 5 சதவீதம். தாலாவும் (1,020) அதே 60:40. புனட்சாங்சு-1 (1,200) வரும்போது மானியம் 40. மாங்தேசு (720), புனட்சாங்சு-2 (1,020) இரண்டிலும் மானியம் 30, கடன் 70, வட்டி 10 சதவீதம். பெரிய நாடு தாராளம் காட்டிய காலம் சுக்காவோடும் தாலாவோடும் முடிந்தது. இதைச் சொல்லாமல் "இந்தியா இலவசமாகக் கட்டிக் கொடுத்தது" என்பது பாதிக் கணக்கு.

10 சதவீதத்தில் என்ன கெடுகிறது? 100 கோடித் திட்டம், 70 கோடி கடன் என்று வையுங்கள். கூட்டு வட்டியை விடுங்கள், தனி வட்டியிலேயே ஒவ்வொரு வருடத் தாமதத்துக்கும் 7 கோடி ஏறும். ஆறு வருடம் தாமதித்தால் 42 கோடி, ஒரு யூனிட் விற்பதற்கு முன்பே. இந்த வட்டி முதலீட்டோடு சேர்ந்துவிடும். பிறகு மொத்தச் செலவை வைத்து யூனிட் விலை நிர்ணயிப்பார்கள். தாமதத்துக்குக் காரணம் பாறையாக இருந்தாலும் ஒப்பந்ததாரராக இருந்தாலும் சுமை வந்து விழுவது விலையில்தான்.

புனட்சாங்சு-1 இதற்குப் பாடப்புத்தகம். வேலை 2008-ல் தொடங்கியது. 2013 ஜூலையில் அணை கட்டும் இடத்தில் வலது கரைச் சரிவு நகர்ந்தது. முதலில் சுமார் 3,500 கோடி என்றிருந்த மதிப்பீடு 9,300 கோடியைத் தாண்டியது. அதே ஆற்றில் புனட்சாங்சு-2-லும் 2016 மார்ச்சில் நிலத்தடிக் கூடம் ஒன்று இடிந்தது. நிலவியல் ஆய்வு போதாமல் தோண்டத் தொடங்கினால் இமயமலையில் இதுதான் நடக்கும். "2020-க்குள் 10,000 மெகாவாட்" என்ற இலக்கு பாதி வழி கூட எட்டவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பூட்டானின் வெளிக்கடன் நாட்டின் ஆண்டு உற்பத்தியைத் தாண்டியது என்று பயமுறுத்துவார்கள். அதில் பெரும்பகுதி ரூபாய்க் கடன். வருமானமும் ரூபாய், நுல்ட்ரமும் ரூபாயோடு ஒன்றுக்கு ஒன்று. டாலர் கடன் வாங்கி உள்நாட்டு நாணயத்தில் சம்பாதிக்கும் நாட்டின் ஆபத்து இங்கே இல்லை. மாங்தேசுவுக்கு 2019-ல் யூனிட் 4.12 ரூபாய் என்று விலை பேசி முடித்ததால் அந்தத் திட்டம் தன் கடனைத் தானே கட்டும்.

பனிக்காலம்:

கணக்கர் ஒன்றை விட்டுவிட்டார். இவை பெரிய நீர்த்தேக்கம் இல்லாத, ஆற்றின் ஓட்டத்தை நம்பிய நிலையங்கள். பருவமழையில் பொங்கி வழியும், ஜனவரி பிப்ரவரியில் உற்பத்தி அதில் சிறு பங்காகச் சுருங்கும். கோடையில் விற்றுவிட்டு, உள்நாட்டுத் தேவை கூடிய பிறகு குளிர்காலத்தில் இந்திய மின் சந்தையில் திரும்ப வாங்குகிறார்கள். தீர்வு சங்கோஷ் நீர்த்தேக்கத் திட்டம் (2,585 மெகாவாட்). பல வருடமாகப் பேச்சில்தான் இருக்கிறது. நீர்த்தேக்கம் கட்டினால் பலன் கீழே அசாமுக்கும் போகும், ஆனால் மூழ்குவது பூட்டான் நிலம். செலவை எப்படிப் பங்கு போடுவது என்பதே சிக்கல்.

வடமலை:

இரண்டு பேருக்கும் நன்றி. அப்படியானால் ஆபத்து கடனில் இல்லை, வேறெங்கே? 2013 எரிவாயு விவகாரம் போன்றதா?

சந்தைக்கடை:

ஆம், அங்கேதான். 2013 ஜூலை 13-ல் பூட்டான் தேர்தலின் இறுதிச் சுற்று. அதற்குச் சில நாள் முன்பு இந்தியா கொடுத்து வந்த சமையல் எரிவாயு, மண்ணெண்ணெய் மானியம் நின்றது. ஐந்தாண்டுத் திட்டம் ஜூன் 30-ல் முடிந்தது, புது ஏற்பாடு இன்னும் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். பிரதமர் தின்லே 2012-ல் ரியோவில் சீனப் பிரதமரைச் சந்தித்ததற்குத் தண்டனை என்பது பூட்டானில் பரவலாக நம்பப்பட்ட காரணம். எது உண்மையானாலும், அடுப்பைத் தொட்டால் அரசு ஆடும் என்று தெரிந்துபோனது. ஆளுங்கட்சி தோற்றது. மானியம் சீக்கிரமே திரும்பியது.

அரிசியிலும் அதே கதை, ஆனால் கோபமில்லாமல். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. பூட்டானுக்கு 79,000 டன் விலக்கு வந்தது ஆகஸ்ட் கடைசியில். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. டெல்லியில் தன் ஊர் விலைவாசிக்காகப் போட்ட உத்தரவு, பூட்டான் நினைவுக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. 2016 நோட்டுத் தடையும் இப்படித்தான். அங்கே புழங்கிய 500, 1,000 இந்திய நோட்டுகளுக்கு அவர்களும் வங்கி வாசலில் நிற்க வேண்டியதாயிற்று.

2012 ரூபாய்த் தட்டுப்பாடு மட்டும் பூட்டான் தானே வரவழைத்தது. வங்கிகள் காருக்கும் கட்டடத்துக்கும் கடனை அள்ளிக் கொடுத்தன, இரண்டுக்கும் சாமான் இந்தியாவிலிருந்து. நுல்ட்ரத்தை அச்சடிக்கலாம், ரூபாயை அச்சடிக்க முடியாதே. அரசியல் சாசனம் ஓராண்டு அத்தியாவசிய இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி வைக்கச் சொல்கிறது. டாலர் இருந்தது, வேண்டியது ரூபாய்.

ஏட்டுச்சுவடி:

சீனாவைக் காட்டி பேரம் பேசலாமே என்பவர்களுக்கு ஒன்று. 1996-ல் எல்லைப் பேச்சில் சீனா வடக்கில் 495 சதுர கி.மீ.யை விட்டுத்தருகிறேன், மேற்கில் 269-ஐக் கொடு என்றது. பரப்பளவில் பூட்டானுக்கு லாபம். ஆனால் அந்த 269-ல் டோக்லாம் அடங்கும், அதற்குக் கீழே சிலிகுரிப் பாதை, இந்தியாவின் வடகிழக்கை மற்ற பகுதியோடு இணைக்கும் குறுகிய நிலத்துண்டு. கையெழுத்துப் போட பூட்டானுக்கு உரிமை உண்டு, போட்டால் டெல்லியோடு எல்லாக் கணக்கும் மறுபடி எழுதப்படும். 2017-ல் டோக்லாமில் இந்திய, சீனப் படைகள் 73 நாள் எதிரெதிரே நின்றது அதன் ஒத்திகை. சரக்கு வண்டி எதுவானாலும் புன்ட்சோலிங், கெலெபு என்று தெற்கு வாசல் வழியாகத்தான் வருகிறது. வடக்கே வாசலே இல்லை.

கணக்கர்:

அதனால்தான் நான் திருத்தச் சொல்வது பாதுகாப்பு ஷரத்தை அல்ல. கட்டுமானக் கால வட்டிக்கு உச்சவரம்பு, ஏலம் விடுவதற்கு முன்பே யூனிட் விலைச் சூத்திரம், எரிவாயுவுக்கும் அரிசிக்கும் தடை உத்தரவு வெளியாகும் அன்றே தானாகச் செல்லும் விலக்கு. மூன்றாவதுக்கு இந்தியாவுக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. முதலில் அதைக் கேட்க வேண்டும்.

பனிக்காலம்:

நான்காவதாக, குளிர்காலத்தில் திரும்ப வாங்கும் யூனிட்டுக்கு அதே ஒப்பந்தத்தில் விலை. கோடையில் அரசாங்க விலைக்கு விற்று, குளிரில் சந்தை விலைக்கு வாங்குவது எந்த ஊர் நியாயம்?

கணக்கர்:

கேட்கலாம். ஆனால் சந்தை விலை இறங்கும் மாதத்திலும் அந்த விலைதான் கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கும் தயாரா என்று பார்க்க வேண்டும். பகல் நேரத்தில் சூரிய மின்சாரம் மலிவாகக் கிடைக்கிறது. எனக்கென்னவோ மாலை உச்ச நேரத்துக்கு மட்டும் விலை கட்டினால் போதும்.