விஸ்கஸ் ஃபேன் கிளட்ச்: சிலிக்கோன் ஆயில் ஊற்றலாமா, மாற்றிவிடலாமா?

வணக்கம் நண்பர்களே. 2.5 லிட்டர் டீசல் வண்டி. நெடுஞ்சாலையில் பிரச்சினையே இல்லை. டிராஃபிக்கில் ஏசி போட்டு நின்றால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. கூலன்ட், தெர்மோஸ்டாட், பெல்ட், ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றியுள்ள கூடு) எல்லாம் பார்த்தாச்சு. ரேடியேட்டரிலும் அடைப்பு இல்லை.

சந்தேகம் ஃபேன் கிளட்ச் மேல்தான்; உள்ளே இருக்கும் சிலிக்கோன் ஆயிலின் பிடிப்பால் ரேடியேட்டர் ஃபேனை இன்ஜினோடு சேர்த்துச் சுற்றவைக்கும் பாகம் அது. நல்ல சூட்டில் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கையால் தட்டினால் ஃபேன் நாலைந்து சுற்று சும்மா சுற்றுகிறது; அந்தச் சூட்டில் இறுக்கம் தெரிய வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நிமிடம் வரும் ஃபேன் இரைச்சலும் இப்போது இல்லை. சூட்டுக்கு ஏற்ப கிளட்ச்சை இயக்கும் முன்பக்க பைமெட்டல் சுருளைச் சுற்றிப் பிசுபிசுப்பும் தூசியும். பேரிங்கில் ஆட்டம் இல்லை, அதனால்தான் புதிது வாங்கத் தயக்கம்.

டொயோட்டா பாகமாக 18 மில்லி டியூபில் 3000, 10,000 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மை அளவு) ஆயில்கள் கிடைக்கின்றன. கெட்டியானதை ஊற்றினால் பிடிப்பு கூடும். ஆனால் குளிர்ந்த நிலையிலும் ஃபேன் இழுத்து டீசலைத் தின்னுமே?

கேள்விகள்: இந்த அளவு இன்ஜினுக்கு எது சரி, எத்தனை மில்லி? பழைய ஆயிலை முழுதாக வடிக்க வேண்டுமா? கசிந்த சீலோடு ஊற்றினால் எவ்வளவு நாள் தாங்கும்? செய்து பார்த்தவர்கள் மட்டும் சொல்லுங்கள். நேரடி எலக்ட்ரிக் ஃபேன் யோசனை இப்போதைக்கு வேண்டாம்.