தங்கைக்குப் பிரான்சு வீசா முடிய இரண்டு மாதம்: பிரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

கெடிலக்கரை (கடலூர்):

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கைக்காகக் கேட்கிறேன். மாப்பிள்ளை பூர்வீகம் புதுச்சேரி. தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், குடும்பமே பிரெஞ்சு நேஷனாலிட்டி. கல்யாணம் திருப்பாதிரிப்புலியூரில் நடந்தது. புதுச்சேரி பிரெஞ்சு கான்சுலேட்டில் பதிந்து, குடும்பப் புத்தகம் வாங்கி, போன கார்த்திகையில் பாரீசுக்குப் பக்கம் போனாள். பிரெஞ்சுக்காரரின் மனைவி என்கிற முறையில் ஒரு வருஷ வீசா. இந்தக் கார்த்திகையோடு அது முடிகிறது.

ஆடியிலிருந்தே வீட்டில் சரியில்லை. "நான் ஒரு போன் போட்டால் உன் வீசா கேன்சல்" என்கிறாராம். விவாகரத்துப் பேப்பர் ஒன்றை நீட்டி, கையெழுத்துப் போட்டால் சென்னைக்கு டிக்கெட் எடுத்துத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். எல்லாம் பிரெஞ்சில் இருக்கிறது. அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு கடைக்குப் போய்வரத்தான் போதும்.

தீர்ப்பு வந்த பிறகுதான் வீசா போகுமா, அதற்கு முன்பேயா? அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

முத்தியால்பேட்டை:

தம்பி, பெண்ணை முதலில் ஊருக்கு வரச் சொல்லுங்கள். கேஸை இங்கே போட்டுக்கொள்ளலாம். அந்நிய ஊரில் தனியாக அலைய வேண்டாம்.

சார்செல் அக்கா:

ஐயா மனசு புரிகிறது. நானும் பாரீசுக்குப் பக்கம் சார்செலில்தான் இருக்கிறேன். ஆனால் இப்போது கிளம்பினால் கார்த்திகைக்குப் பிறகு அவளால் திரும்பி உள்ளே வர முடியாது. உரிமை ஏதாவது இருந்தாலும் அங்கேயே நின்றுபோகும். தம்பி, முதலில் நீங்கள் பயப்படுவதைச் சொல்லிவிடுகிறேன்.

புருஷன் போன் போட்டு வீசாவை ரத்து செய்ய முடியாது. முடிவு பிரெபெக்தூர் என்கிற மாவட்ட அரசு அலுவலகத்தின் கையில். அவர் கடிதம் எழுதலாம், அவர்கள் விசாரிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் இங்கே பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. தீர்ப்புத் தேதி பெரிதில்லை. சேர்ந்து வாழ்வது நின்றதா என்பதைத்தான் பார்ப்பார்கள். புதுப்பிக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து வாழ்கிறோம் என்று கையெழுத்து கேட்பார்கள். அவர் போடாவிட்டால் மனைவி என்கிற வழி அடைபடும். 3 வருஷம் முடித்து, இங்கே தங்குவதற்கான 10 வருஷ கார்டு வாங்கியவர்களுக்குக்கூட, கல்யாணமாகி 4 வருஷத்துக்குள் பிரிந்தால் அதைத் திரும்ப எடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. பிள்ளை பிறந்து, அதை வளர்ப்பதில் பங்கிருந்தால் எடுக்க மாட்டார்கள். எனக்கு நடந்தபோது கையில் மகன் இருந்தான். பிரெஞ்சுக் குழந்தையின் தாய் என்கிற வகையில் கார்டு கொடுத்தார்கள்.

அந்தப் பேப்பரில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். 2017லிருந்து இங்கே இருவர் சம்மதத்தோடு செய்யும் விவாகரத்து பெரும்பாலும் நீதிபதி இல்லாமலே நடக்கிறது. ஆனால் இருவருக்கும் தனித்தனி வக்கீல் கட்டாயம். வரைவு கையில் வந்த பிறகு 15 நாள் யோசிக்கும் அவகாசம் உண்டு. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் அரசு உதவி கேட்கலாம்.

இப்போது ஒரு கேள்வி. தவறாக நினைக்காதீர்கள். அவர் கை வைத்திருக்கிறாரா?

கெடிலக்கரை (கடலூர்):

அக்கா, இதைப் பொதுவில் எழுதத் தயக்கமாகத்தான் இருந்தது. வீடியோ காலில் பேசும்போது இடது பக்கம் ஷாலை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருப்பாள். குளிரா என்று கேட்டால் ஆமாம் என்பாள். ஆவணியில் என்ன குளிர்? நேற்று அம்மா திட்டிக் கேட்டதும் ஷாலை எடுத்தாள். காதுக்குக் கீழே நாலு விரல் தடம். பாஸ்போர்ட்டும் அவர் அலமாரியில்தான் பூட்டியிருக்கிறது.

சார்செல் அக்கா:

சொன்னது நல்லதாயிற்று. இதனால் சட்டத்தில் நிலைமையே மாறிவிடுகிறது. அடி, கொடுமை காரணமாகச் சேர்ந்து வாழ்வது நின்றிருந்தால், பிரிந்துவிட்டாள் என்று காரணம் காட்டி கார்டை எடுக்க முடியாது. புதுப்பித்துத் தரவும் வேண்டும். நிரூபிப்பதுதான் அவள் வேலை, அதனால் தடம் மறைவதற்குள் டாக்டரிடம் போய்ச் சான்றிதழ் வாங்கச் சொல்லுங்கள். அப்புறம் போலீசில் முறையான புகார் கொடுக்கட்டும். சும்மா பதிந்துவைக்கும் குறிப்பு என்று ஒன்று எழுதித் தரப் பார்ப்பார்கள், அதோடு திரும்பி வந்துவிடக் கூடாது. மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

3919 என்ற எண் இலவசம், நாள் முழுக்க எடுப்பார்கள். பக்கத்தில் எந்தப் பெண்கள் உதவி மையம் இருக்கிறது என்றும் சொல்வார்கள். ஆபத்து என்றால் போலீசுக்கு 17. வாய்விட்டுப் பேச முடியாத நிலையில் 114க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். குடும்ப நீதிபதியிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கிவிட்டால் அதை வைத்தே ஒரு வருஷ கார்டுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. பாஸ்போர்ட் திரும்பி வரவே இல்லை என்றால், புகார் நகலோடு பாரீஸ் இந்தியத் தூதரகத்தில் புதிது கேட்கலாம்.

வீசா தேதி தாண்டவே கூடாது, விண்ணப்பம் அதற்கு முன் போய்ச் சேரட்டும். நாட்டை விட்டுப் போகச் சொல்லி உத்தரவு வந்தால் மேல்முறையீட்டுக்குப் பொதுவாக ஒரு மாதம்தான். எந்தக் கடிதம் வந்தாலும் அன்றைக்கே பிரித்துப் பார்க்க வேண்டும்.

முத்தியால்பேட்டை:

தம்பி, நான் சொன்னதை விட்டுவிடுங்கள், சார்செல் பாப்பா சொல்வதே சரி. கல்யாணச் சான்று, குடும்பப் புத்தகம், வீசாப் பக்கம், எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து உங்களிடமும் வையுங்கள். தமிழ், ஆங்கிலப் பேப்பரை நீங்களே பெயர்த்து அனுப்பாதீர்கள். அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால்தான் அங்கே ஏற்பார்கள்.

கெடிலக்கரை (கடலூர்), ஒன்பது நாள் கழித்து:

அக்கா, ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. டாக்டர் சான்று வாங்கிவிட்டாள், புகாரும் பதிந்தாயிற்று. கூட வேலை செய்யும் திண்டிவனத்துப் பெண் ஒருத்தி வீட்டில் இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை வக்கீலைப் பார்க்கிறாள். அப்பாவிடம் நேற்று சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, இரவு முழுக்கத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். காலையில், அவளுக்கு எவ்வளவு அனுப்பணும் என்று மட்டும் கேட்டார்.

ஒரு சந்தேகம். டாக்டர் சான்றில் பிறந்த வருஷம் தப்பாக இருக்கிறது. அப்படியே கொடுக்கலாமா?

சார்செல் அக்கா:

வேண்டாம். அதே டாக்டரிடம் நாளைக்கே போய்த் திருத்தி வாங்கட்டும். பழைய தாளையும் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவளிடம் என் எண்ணையும் கொடுங்கள், தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு, வக்கீல் ஆபீசுக்குக் கூடப் போகிறேன்.