வண்டு வரும் பக்கத்திலிருந்து ஒரு ஆர்க்கிட்

ஆர்க்கிட்டைப் படம் எடுக்க வருகிறவர்களை முதலில் இழுப்பது நிறம்தான். என்னையும் அதுதான் இழுத்தது. ஆனால் விடாமல் பிடித்து வைத்தது ஒரு கருவண்டு.

டென்ட்ரோபியம் என்ற வகையைச் சேர்ந்த ஊதா நிற ஆர்க்கிட் ஒன்றை, மிக அருகில் வைத்து எடுக்கும் மேக்ரோ லென்ஸில் எடுத்துக்கொண்டிருந்தேன். மேகம் மூடிய காலை, காற்றே இல்லை. ட்ரைபாடைப் பூவின் உயரத்துக்கு இறக்கி, திரையில் பெரிதாக்கி, உதட்டிதழின் கோடுகளில் ஃபோகஸ் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் வண்டு நேராக அதே உதட்டில் வந்து உட்கார்ந்தது. அதன் கனத்தில் பூவே தாழ்ந்துவிட்டது. தலையை உள்ளே விட்டு முண்டியது, பிறகு பின்பக்கமாகவே நகர்ந்து வெளியே வந்தது. முதுகில் கடுகளவுக்கு மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. அந்தப் பூவின் மகரந்தம் மொத்தமும் அதுதான். மற்ற பூக்களைப் போல ஆர்க்கிட் மகரந்தத்தைத் தூளாக உதிர்ப்பதில்லை. திரளாகக் கட்டி, பசை வைத்து, வருகிற பூச்சியின் முதுகில் ஏற்றி அனுப்புகிறது.

அன்றிலிருந்து நான் பூவைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. மூன்று புல்லி இதழ், மூன்று அல்லி இதழ், அதில் ஒன்று உதடு. பூச்சி இறங்குவதற்கான மேடை அது. உதட்டின் மேல் இருக்கும் கோடுகள் உள்ளே போக வழி சொல்கின்றன. சரியாக அதற்கு மேலே ஆண் பாகமும் பெண் பாகமும் ஒன்றாக இணைந்த சிறிய தூண். இன்னொன்றும் உண்டு: பெரும்பாலான ஆர்க்கிட்டுகளில் மொட்டு விரியும்போது காம்பு ஏறக்குறைய 180 டிகிரி முறுக்கிக்கொள்கிறது, உதடு கீழ்ப்பக்கம் வரவேண்டும் என்பதற்காக. பக்கவாட்டில் நின்று எடுங்கள், பல பூக்களில் அந்த முறுக்கு படத்தில் தெளிவாகவே விழும்.

அதனால் மேலே நின்றபடி குனிந்து எடுத்த ஆர்க்கிட் படங்கள் இப்போது எனக்கு ஒட்டுவதில்லை. கேமரா பூச்சி வரும் பாதையில் இருக்கவேண்டும். ஃபோகஸ் தூணின் நுனியில். அவ்வளவு நெருக்கத்தில் லென்ஸின் துளையை எஃப்/11 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் உதடும் பின்னிதழும் சேர்ந்து தெளிவாக வராது. ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து அப்புறம் சேர்த்துக்கொள்வேன். வெள்ளைப் பூ என்றால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை, அதாவது வெளிச்சம் இரண்டு மடங்காகும் அளவு வரை, கூட்டவேண்டும், இல்லையென்றால் சாம்பலாகிவிடும். நேரடி ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், இதழின் மினுமினுப்பு செத்துப்போகும்.

மடகாஸ்கரின் வெள்ளை ஆர்க்கிட் ஒன்றில் தேன் ஏறக்குறைய 30 செ.மீ. நீளமுள்ள குழாயின் அடியில் இருக்கிறது. 1862இல் அதைப் பார்த்த டார்வின், அவ்வளவு நீளமான உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சி ஒன்று அங்கே இருந்தே ஆகவேண்டும் என்றார். 1903இல் அப்படிப்பட்ட பூச்சியை விஞ்ஞானிகள் விவரித்தார்கள், அவர் இறந்து 21 ஆண்டுகள் கழித்து. பூவின் வடிவத்தைப் பொறுமையாகப் பார்த்தே, கண்ணில் படாத ஒரு உயிரைச் சொல்லிவிட முடிந்திருக்கிறது! படம் எடுக்கிறவருக்கு இதைவிடப் பெரிய ஊக்கம் என்ன வேண்டும்?

இதில் எதுவும் நமக்காக மலர்ந்ததில்லை என்பதுதான் எனக்கு ஆறுதல் தருகிறது. மனம் கனத்திருக்கும் நாட்களில் நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவது அதற்காகத்தான். என் கவலை, என் ரசனை எதுவும் அந்த உதட்டுக் கோடுகளுக்குத் தெரியாது. ஓஃப்ரிஸ் போன்ற ஆர்க்கிட்டுகள் பெண் பூச்சியைப் போல உருவமும் மணமும் காட்டி ஆண் பூச்சியை ஏமாற்றுகின்றன, ஒரு சொட்டுத் தேன்கூடத் தராமல். சிலர் அதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்த நுணுக்கத்தின் மேல் மரியாதைதான் கூடியது.

பல ஆர்க்கிட்டுகள் வாரக்கணக்கில் வாடாமல் நிற்பதற்குக் காரணமும் பூச்சிக்கான காத்திருப்பே. மகரந்தம் வந்து சேர்ந்துவிட்டால் இதழ்கள் சீக்கிரமே தொய்ந்துவிடும், பின்னால் காய் பருக்கத் தொடங்கும். இப்போதெல்லாம் வாடிய பூக்களையும் எடுக்கிறேன். அடுத்து எடுக்க ஆசைப்படுவது வெடித்த காய். விதை வெறும் தூசி. உள்ளே சேமித்த உணவு கிடையாது, பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். அந்தத் தூசியை லென்ஸுக்குள் கொண்டுவர, பின்னாலிருந்து விழும் வெளிச்சமும் கறுப்புப் பின்னணியும் போதும் என்று நினைக்கிறேன்.