மறு: இன்டர்மீடியட்டுக்கு ‘இடைநிலை’ வேண்டாமே

வணக்கம். வேதிவினையின் நடுவே உருவாகி அடுத்த படியில் மறையும் மூலக்கூறுக்கு (இன்டர்மீடியட்) தமிழ்ச் சொல் தேடும் பேச்சில் வந்த இந்தக் கருத்துக்குப் பதில்:

> இன்டர்மீடியட்டுக்கு ‘இடைநிலை’ போதும், எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். வினையின் ஆற்றல் வரைபடத்தைப் போட்டுப் பாருங்கள்: இரண்டு மேடு, நடுவில் ஒரு பள்ளம். மேட்டின் உச்சி டிரான்சிஷன் ஸ்டேட். அங்கே எதுவும் நிற்காது. பள்ளத்தில் கொஞ்ச நேரமாவது கிடப்பதுதான் இன்டர்மீடியட், என்.எம்.ஆரில் (காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறை அடையாளம் காணும் நிறமாலை முறை) பிடிபடுவதும் அதுதான். இரண்டுக்கும் ‘இடைநிலை’ என்றே எழுதினால் எதைப் பார்த்தோம் என்று எப்படிச் சொல்வது? போதாக்குறைக்கு, தமிழ்நாட்டுப் பாடநூலில் இரும்பும் ‘இடைநிலைத் தனிமம்’ (டிரான்சிஷன் எலிமென்ட்).

நான் எழுதிக்கொண்டிருப்பது புரோலின் பற்றி. 2000இல் பெஞ்சமின் லிஸ்ட் குழு அசிட்டோனையும் நைட்ரோபென்சால்டிஹைடையும் இந்த அமினோ அமிலத்தை வினையூக்கியாக வைத்தே இணைத்தது. விளையும் மூலக்கூறு இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவில் வரும்; கிடைத்த நூறில் 88 ஒரு கை, 12 மறு கை. (இவ்வகை வினையூக்கத்துக்காக லிஸ்டுக்கு நோபல் 2021இல்.) நடுவே எனமீன் (நைட்ரஜன் ஒட்டிய கார்பன் இரட்டைப் பிணைப்பு உள்ள மூலக்கூறு) உருவாகிறது என்றுதான் எல்லாரும் எழுதினார்கள். ஆனால் நிறமாலை எடுத்தால் கண்ணில் பட்டது ஆக்சசோலிடினோன் என்ற வேறொரு வளைய மூலக்கூறு. 2010இல்தான் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு, ஆல்டிஹைடுகளை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் வைத்து, எனமீனையே என்.எம்.ஆரில் காட்டியது. இரட்டைப் பிணைப்பின் ஹைட்ரஜன் 6 பிபிஎம் (என்.எம்.ஆர் அளவுகோலின் அலகு) அருகே இரட்டைக் கோடாக விழும். அந்தக் கோட்டுக்குத்தான் எனக்குப் பெயர் வேண்டும்.

இலங்கைப் பாடநூல்களில் அதே இடைநிலைத் தனிமத்துக்குத் ‘தாண்டல் மூலகம்’ என்று இருக்கிறதே, அதை ஒட்டி உச்சிக்குத் ‘தாண்டல் நிலை’, பள்ளத்தில் இருப்பதற்கு ‘இடைத்தங்கி’. ஒன்று தாண்டுகிறது, மற்றது தங்குகிறது.

அப்புறம், மேலே சொன்ன இடக்கை-வலக்கை வேறுபாடான கைரல் தன்மைக்குக் ‘கைமை’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். வேண்டாம், கைம்மை என்றால் கணவனை இழந்த நிலை. ‘கைரல்’ என்பது இயற்பியலாளர் கெல்வின் கிரேக்கத்தில் கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து செய்த சொல். தமிழில் எழுதினாலும் தற்செயலாகக் ‘கை’யில்தான் தொடங்குகிறது. இனாமாகக் கிடைத்ததை விடுவானேன்? ‘கைரல்’ இருக்கட்டும்.

---

> ‘இடைத்தங்கி’

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ‘தாண்டல் நிலை’ நாங்கள் படித்த சொல்தான், சந்தோசம். ஆனால் தங்கியை இங்கே அவசரத்தில் ‘தாங்கி’ என்று வாசிப்பார்கள், தண்ணீர்த் தாங்கிதான் (தொட்டி) நினைவுக்கு வரும். ‘இடைத்தங்கல்’ என்று மாற்றினாலோ, அடுத்த சொல் ‘முகாம்’ (இடம்பெயர்ந்தோர் தங்கும் இடம்) என்று வாய் தானாகச் சொல்லும், அதுவும் வேண்டாம். ‘இடைவிளைவு’ எப்படி? இடையில் விளைந்தது, அடுத்த படியில் கரைந்துபோவது.

---

தாங்கியை நான் யோசிக்கவே இல்லை, அக்கா. ‘இடைவிளைவு’ நன்றாக இருக்கிறது. ‘கைரல் இடைவிளைவின் நிறமாலை’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், மூச்சு முட்டவில்லை.

ஒரே சிக்கல் அந்த ஆக்சசோலிடினோன். எனமீனுக்குப் போகும் வழியிலேயே அது இருக்கிறதா, பக்கத்துச் சந்தில் சும்மா நிற்கிறதா என்பதில் வேதியியலாளர்களே சண்டை போட்டிருக்கிறார்கள். சந்தில் நிற்பதை ‘இடை’ என்று சொல்லலாமா? அதற்கு வேறு பெயர் தோன்றினால் எழுதுங்கள். அதுவரை கட்டுரையில் ‘வளையம்’ என்றே விட்டுவைக்கிறேன்.