கொல்லிமலை இறக்கத்துக்கு முதலில் மாற்ற வேண்டியது பிரேக்கா, ஃபோர்க்கா?

கேள்வி:
வார இறுதிகளில் மலைச் சைக்கிளில் கொல்லிமலை சென்றுவரும் எனக்கு, 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் கேபிள் டிஸ்க் பிரேக்கை இழுத்துப் பிடித்தே இறங்குவதால் விரல்கள் மரத்துப்போகின்றன. 8 கியர் கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) கொண்ட இவ்வண்டிக்கு முதலில் திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் போடுவதா, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை மாற்றுவதா?

மறுமொழி 1:
பிரேக்கையே மாற்றுங்கள். ஆனால் பழைய ரோட்டரையே (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டையே) வைத்துக்கொள்வதாக இருந்தால், அதில் ரெசின் பேடுக்கு (தட்டை அழுத்திப் பிடிக்கும் பிசின் கட்டைக்கு) மட்டும் உரியது என்று பொறித்திருக்கிறதா எனப் பாருங்கள். அவ்வாறிருந்தால் உலோகப் பேட் அதை விரைவில் தேய்த்துவிடும். ஷிமானோ நிறுவன ஹைட்ராலிக் பிரேக்குகளுக்கு மினரல் ஆயிலே உரியது; டாட் (DOT) எனப்படும் வேறு வகை பிரேக் திரவத்தை ஊற்றினால் உள்ளிருக்கும் சீல்கள் கெட்டுவிடும்.

மறுமொழி 2:
அதற்கும் முன்னால் செயினை அளந்து பாருங்கள். 0.75 சதவீதம் நீண்டிருந்தால் உடனே மாற்றிவிடுவது நல்லது, ஏனெனில் தள்ளிப்போட்டால் அதைவிட விலை கூடிய கேசட்டும் சேர்ந்து தேயும். ஃபோர்க் வேண்டாம் என்பதே என் கருத்து: நல்ல ஃபோர்க்கின் விலை இவ்வகை வண்டியின் விலையையே நெருங்கும், பழைய சைக்கிள் சட்டத்தின் குறுகலான ஹெட் ட்யூபில் (முன்குழாயில்) டேப்பர் ஸ்டியரர், அதாவது அடிப்பக்கம் தடித்த ஃபோர்க் தண்டு, பெரும்பாலும் நுழையவும் நுழையாது.

மறுமொழி 3:
புதிய பேடைப் போட்டவுடன் மலையேறிவிடாதீர்கள். சமதரையில் பலமுறை வேகமெடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் மெல்ல வேகத்தைக் குறைத்துப் பேடைப் பழக்கிக்கொள்ளுங்கள். செயினுக்கு எண்ணெய் விடும்போது ரோட்டரில் ஒரு துளியும் படக்கூடாது.