புதுப்பிப்பு: ரிவர்ஸ் கியர் கரகரப்பு தீர்ந்தது, கியர்பாக்ஸைக் கழற்றவில்லை

என் காரில் இன்ஜின் ஓடும்போது முதல் கியர் விழ மறுக்கிறது, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம் என்று முன்பு எழுதியிருந்தேன். கிளட்ச் பிளேட், கியர்பாக்ஸ் என்று ஆளுக்கொன்று சொன்னீர்கள். காரைக்குடியில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன்.

அவர் முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி விழுந்தன. "அப்ப கியர்பாக்ஸ் மேல சந்தேகம் வேண்டாம் தம்பி, கிளட்ச் முழுசா விடல" என்றார். அதாவது பெடலை மிதித்தும் இன்ஜினும் கியர்பாக்ஸும் முழுதாகப் பிரியவில்லை. பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோமெஷ் (கியர்களின் வேகத்தை ஒன்றாக்கி உரசாமல் சேர்க்கும் அமைப்பு) கிடையாது, அதனால் கிளட்ச் சரியாக விடாவிட்டால் முதலில் கத்துவது அதுதான். அப்புறம் பெடலை நாலைந்து தரம் வேகமாக மிதித்துவிட்டுப் போட்டால் கியர் சுலபமாக விழுந்தது. அதுவே ஹைட்ராலிக்கை, அதாவது பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாகக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் அமைப்பைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கியிருந்தது. கீழே, அந்த ஆயில் அழுத்தத்தால் கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் ஈரம்.

சிலிண்டரை மாற்றி, புதிதாக சீல் உடைத்த பாட்டிலிலிருந்து பிரேக் ஆயில் ஊற்றி, குழாயில் இருந்த காற்றை எடுத்தார். திறந்து கிடந்த பாட்டில் ஈரத்தை இழுத்திருக்குமாம், வேண்டாம் என்றுவிட்டார். இந்தக் கண்டிப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது.

பிளேட்டைச் சந்தேகித்தவர்களுக்கு: தேய்ந்த பிளேட் பெரும்பாலும் வழுக்கும். மேல் கியரில் ஆக்சிலேட்டர் மிதித்தால் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) ஏறும், வண்டியின் வேகம் ஏறாது. என் காரில் அது இல்லை. இப்போது தேவகோட்டை வரை போய்வந்துவிட்டேன், ரிவர்ஸ் சத்தமின்றி விழுகிறது. ஆயில் மட்டத்தை மட்டும் அடிக்கடி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.