தவக்கால ஒறுத்தல்: நேர்ல பார்த்ததை மட்டும் எழுதுங்க

காசிமேட்டுக்காரன்:

சாம்பல் புதன் வந்து, ஈஸ்டருக்கு முன்னால வர்ற தவக்காலம் ஆரம்பிச்சா, எங்க கோயில்ல எல்லாரும் எதையாவது விட்டுடுவாங்க. ஒருத்தர் டீயை விடுவார், ஒருத்தர் பீடியை. என் தங்கச்சி இந்த வருஷம் இன்ஸ்டாகிராமை விட்டா. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம். கறி கூடாது, மீன் கூடும். காசிமேட்டுல பொறந்தவனுக்கு இது ஒரு ஒறுத்தலா? தட்டுல வஞ்சிரம் வறுவலை வெச்சுக்கிட்டு, கறி தொடலன்னு பெருமை பேசினவன்தான் நானும்.

எங்க ஆயா வேற மாதிரி. விடியக்காலையில ஏலத்துல மீன் எடுத்து, அன்னக்கூடையில சுமந்து வந்து, ரோட்டோரம் கூறு கட்டி விக்கும். மத்த நாள்ல கடைசிக் கூறு வீட்டுக்கு. தவக்காலத்துல அது வீட்டுக்கு வராது. எங்களுக்கு ரசமும் அப்பளமும்தான். அந்தக் கூறு ஈரச்சாக்குக்கு அடியில கிடக்கும். கடை கட்டுற நேரத்துக்குப் பின்சந்துல இருந்து ஒரு அம்மா வருவாங்க. வீட்டுக்காரர் கடலுக்குப் போனவர் திரும்பல, மூணு பிள்ளைங்க. ஆயா நிமிர்ந்துகூடப் பாக்காது. "நொந்துபோன மீனு, எவனும் வாங்க மாட்டேன்றான். எடுத்துனு போ, கூடை காலியாவணும்"னு சிடுசிடுக்கும்.

எனக்கு அப்ப பத்து வயசு இருக்கும். ஒரு நாள் சாக்கைத் தூக்கி, ஒரு சங்கரா மீனோட செவுளைத் திறந்து பார்த்தேன். ரத்தச் சிவப்பு. கண்ணு முழிச்சிட்டு இருக்கு. அன்னைக்கு விடியக்காலம் வந்த மீனு.

"ஏன் ஆயா பொய் சொல்ற?"

"பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ வாயை மூடு."

இந்த மாதிரி நீங்க பார்த்தது இருந்தா எழுதுங்க. பிரசங்கம் வேணாம், அதை ஞாயித்துக்கிழமை கேட்டுக்கலாம்.

பெரம்பூர் வாசி:

2021 மே மாசம். அப்பா கொரோனாவுல போயிட்டார். எனக்கும் அம்மாவுக்கும் பாசிட்டிவ், வாசலைத் தாண்ட முடியாது. காசிமேடு கல்லறையில அடக்கம். சபை வாலிபப் பசங்க நாலு பேர் கவச உடை போட்டுக்கிட்டுத் தூக்கினாங்க. அதுல ரெண்டு பேர் யாருன்னே எனக்குத் தெரியாது. ஒருத்தன் வீடியோ கால் போட்டு போனைக் குழிக்கு நேரா நீட்டினான். கை நடுங்கி படம் ஆடிட்டே இருந்தது. அம்மா இங்கிருந்து பாட்டு பாடினாங்க. அப்பாவுக்குக் கேக்கணும்னு நினைச்சானோ என்னவோ, அவன் போனைக் கீழ தாழ்த்திப் பிடிச்சான்.

அந்தப் பசங்க மூணு வாரமா வீட்டுக்கே போகலன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ராத்திரி சபை மொட்டைமாடியில பாய் விரிச்சுப் படுப்பாங்களாம். ஒருத்தனோட அம்மா தினமும் கேட்டுக்கு வெளிய சாப்பாட்டு டப்பாவை வெச்சிட்டு, எதிர்ப்பக்கம் போய் நின்னு அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பார்த்துட்டுப் போவாங்களாம். எனக்கு அந்தப் பையனைவிட அந்த அம்மாதான் அடிக்கடி ஞாபகம் வர்றாங்க. போகாதடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

வியாசர்பாடி தங்கச்சி:

அண்ணா, படிச்சு அழுதேன். ஆனா என்கிட்ட இருக்கிறது கொஞ்சம் கசப்பான கதை.

அப்பா இறந்தப்ப எங்க அக்காவுக்கு 19 வயசு. எக்ஸ்போர்ட் கம்பெனியில காஜா அடிக்கப் போச்சு. 22 வருஷம். தம்பியோட இன்ஜினியரிங் ஃபீஸ், என் கல்யாணம், அம்மாவோட ஆபரேஷன், எல்லாம் அந்தச் சம்பளத்துல. வரன் வரும்போதெல்லாம் "அடுத்த வருஷம் பாக்கலாம்"னு அம்மா சொல்லுவாங்க. அப்புறம் வரன் வர்றதே நின்னுபோச்சு.

தம்பி கல்யாணத்துல பாஸ்டர் அக்காவை எழுந்து நிக்க வெச்சார். தன்னைத்தானே வெறுத்து சிலுவையைச் சுமந்த சகோதரின்னார். எல்லாரும் கை தட்டினாங்க, நானும்தான். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவுல அக்கா என் பக்கத்துல. மடியில தாம்பூலப் பை. அதோட கைப்பிடி நூலைப் பிரிச்சுக்கிட்டே வந்துச்சு. மூலக்கொத்தளம் தாண்டினதும் மெதுவா சொல்லுச்சு: "என்னை யாரும் கேக்கவே இல்லடி."

மறுவருஷம் வீட்டு அட்வான்ஸுக்கு அக்காவோட பி.எஃப். பணத்தைத் தம்பி கேட்டான். தர மாட்டேன்னுடுச்சு. அந்தக் காசுல ஒரு தையல் மெஷின் வாங்குச்சு. அக்காவுக்கு விசுவாசம் குறைஞ்சிடுச்சுன்னு சொந்தக்காரங்க பேசினாங்க. நானும் சண்டை போட்டேன். அது பதில் பேசாம பைபிளை எடுத்து யோவான் 10:18ஐக் காட்டுச்சு. இயேசு தன்னோட உயிரைப் பத்திச் சொல்ற வசனம். நீலப் பேனாவுல கோடு போட்டிருந்தது. "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான்; நானே அதைக் கொடுக்கிறேன்." இத்தனை வருஷம் சபைக்குப் போறேன், இந்த வசனத்தை அக்கா மாதிரி யாரும் எனக்குப் படிச்சுக் காட்டினதில்ல.

இப்ப சாயந்தரம் ஆனா எங்க சந்துப் பொண்ணுங்க மூணு பேர் அந்த மெஷின்ல தையல் பழகுதுங்க. அக்கா காசு வாங்கறதில்ல. இதைப் பத்தி எந்த பாஸ்டரும் பேசினதில்ல, பேசவும் வேணாம்.

தண்டையார்பேட்டை மறைக்கல்வி வாத்தியார்:

"யாரும் கேக்கல"ங்கிற வார்த்தை என்னைக் குத்திடுச்சும்மா. ஒவ்வொரு வருஷமும் போலந்து நாட்டுக் குரு கோல்பேவோட கதையைப் பசங்களுக்குச் சொல்றவன் நான். 1941 ஜூலை கடைசி, நாஜிகளோட ஆஷ்விட்ஸ் வதைமுகாம். ஒரு கைதி காணாம போனதுக்குப் பழியா, பத்து பேரைப் பட்டினி போட்டுக் கொல்லப் பொறுக்கி எடுக்கிறாங்க. அதுல ஒருத்தர், கயோவ்னிச்செக், பொண்டாட்டி பிள்ளைங்களை நினைச்சுக் கதறுறார். வரிசையில இருந்து கோல்பே தானா வெளிய வந்து, அவருக்குப் பதிலா நான் போறேன், நான் ஒரு கத்தோலிக்கக் குருன்னார். அவரையும் யாரும் கேக்கல, ஆனா அது வேற 'கேக்கல'. ரெண்டு வாரம் பட்டினியிலயும் உயிர் போகாம, ஆகஸ்ட் 14ல விஷ ஊசி போட்டுக் கொன்னாங்க.

போன வருஷம் ஒரு பொடியன் கேட்டான்: "அந்த ஆளு அப்புறம் நல்லா இருந்தாரா சார்?" 1995 வரைக்கும் இருந்தார், கோல்பேவுக்கு 1982ல புனிதர் பட்டம் குடுத்தப்ப ரோமாபுரிக்கே போய்ப் பார்த்தார்னேன். அவரோட ரெண்டு பையனும் போர்லயே செத்துட்டாங்க, மனைவி மட்டும்தான் மிச்சம்கிறதை ஏனோ அவன்கிட்ட சொல்ல வாய் வரல.

தம்பி, அந்தப் பின்சந்து அம்மாவுக்கு விஷயம் தெரியுமா?

காசிமேட்டுக்காரன்:

தெரியும் சார். ஆயா சாவுக்கு வந்திருந்தாங்க. பெட்டியை எடுக்கிறதுக்கு முன்னால நானே போய்ச் சொன்னேன், அது நொந்த மீனே இல்லக்கா, ஆயா பொய் சொல்லுச்சுன்னு. அழுதுட்டு இருந்தவங்க சட்டுனு என்னை முறைச்சாங்க.

"நான் மீனவன் பொண்டாட்டிடா. செவுளைத் தூக்கிப் பாக்கத் தெரியாதா எனக்கு?"